நான் வெட்டி எடுத்த வாக்கியம்

ஸ்டோமா பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு டேப்லெட் கொடுத்திருப்பார்கள். அதில் நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறத்தில் வட்டம் இருக்கும். பச்சை என்றால் ஆள் நலம். மஞ்சள் என்றால் போன் செய்து விசாரிக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே வரச் சொல்ல வேண்டும். இதை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த அரை மணி நேரப் பாடத்தை எழுதியவள் நான்தான். அதனால் இதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்து முடித்தால் உங்களுக்கு உற்சாகம் எதுவும் வராது. ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதினால், நடுவில் கொஞ்சம் கஷ்டம் வந்து கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அப்படிச் சரியாகவில்லை. வேலையை விட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தபிறகு இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கிறது.

நோயாளிகளின் போனிலும் உங்கள் டேப்லெட்டிலும் ஓடுகிற அந்த ஆப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது வருவதற்கு முன்னால் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. குடலின் முனையை ஸ்டோமாவாக வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்து, மலம் ஒட்டுப் பையில் இறங்கும்படி செய்து அனுப்புகிறோம். அப்படிப்பட்டவரிடம் டிஸ்சார்ஜ் அன்று வாயால் கொஞ்சம் சொல்லுவோம், நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுப்போம். கன்னடக்காரருக்கும் தெலுங்குக்காரருக்கும் அந்தத் தமிழ்த் தாளால் பிரயோசனம் இல்லை. தமிழ்க்காரர் அதைப் பத்திரமாக பீரோவில் வைத்துவிடுவார். பை கசிந்தால் வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சிங்காரப்பேட்டையிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி ஓசூருக்கு வருவார்கள். நாற்றம் தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனதைச் சொல்லி ஒருவர் என் மேஜை மேல் தலையைக் கவிழ்த்து அழுதிருக்கிறார். ஆப் வந்ததும் அவருடைய மனைவி அதிலிருந்த வீடியோவைத் தெலுங்கில் நாலைந்து முறை பார்த்து, பையின் ஓட்டையைக் குடல் முனைக்கு அளவாக வெட்டப் பழகிக்கொண்டார். கசிவு நின்றது. அவர் மறுபடி சந்தைக்குப் போக ஆரம்பித்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அந்தப் பைத்தியம் உச்சத்தில் இருந்தபோது வந்தவள்தான் மஞ்சுளா. இருபத்து மூன்று வயது. நாட்றாம்பாளையத்துக்குப் பக்கத்தில் மலை ஓரத்து ஊர். அப்பா ராகியும் அவரைக்காயும் பயிரிடுகிறவர். மஞ்சுளா ஓசூரில் போன் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்தாள், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறாள். அது டைபாய்டு. சிறுகுடலில் ஓட்டை விழுந்து, வயிறு கல் மாதிரி ஆன நிலையில் கொண்டுவந்தார்கள். அவசரமாக ஆபரேஷன் செய்து ஸ்டோமா வைத்தோம்.

அது நிரந்தரம் இல்லை. மூன்று மாதம் உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தால், குடலை உள்ளே வைத்து மூடிவிடலாம். அந்த மூன்று மாதத்தை அவள் கடந்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

"மூடிட்டா தழும்பு மட்டுந்தான சிஸ்டர் இருக்கும்? கட்டிக்கப்போறவங்களுக்குத் தெரியாதில்ல?" என்று கேட்டாள்.

"அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்னு சொல்லிக்கலாம் போ" என்றேன். சிரித்தாள்.

கம்பெனியில் ஆறு வாரம்தான் லீவு கொடுத்தார்கள். அதற்குள் வரவில்லை என்றால் அவள் இடத்தில் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். எங்கள் டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே, கனம் தூக்கக்கூடாது என்று எழுதி அனுப்பிவைத்தார். பை இருக்கும் விஷயத்தை அவள் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றில் ஆபரேஷன் என்றுமட்டும் சொல்லியிருந்தாள்.

சிறுகுடல் ஸ்டோமா சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீராக இறங்கிக்கொண்டே இருக்கும், உப்பும் கூடவே போகும். போவதைச் சாப்பிட்டும், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடித்தும் ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆப்பில் தினமும் ஒரு கேள்வி வரும்: இன்று எத்தனை முறை பையைக் காலி செய்தீர்கள்? எண்ணிக்கை எகிறினால் சிவப்பு, கொஞ்சம் கூடினால் மஞ்சள். ஒன்றுமே இல்லை என்று போட்டாலும் சிவப்பு, ஏனென்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் பச்சை. எல்லைகளை கம்ப்யூட்டர்காரர்களுக்கு வகுத்துக் கொடுத்தது நான். அடைப்பைப் பற்றி யோசித்த எனக்கு, வயிற்றைக் காயப்போட்டாலும் எண்ணிக்கை குறையும் என்பது தோன்றவில்லை.

வேலைக்குப் போன முதல் வாரம் மஞ்சுளா ஆறு என்று போட்டாள். அடுத்த வாரம் நான்கு. பிறகு மூன்று, இரண்டு. வட்டம் பச்சைப் பசேல் என்று இருந்தது. நான் குரல் மெசேஜ் அனுப்பினேன். "சூப்பர் மஞ்சு, இப்படியே மெயின்டெய்ன் பண்ணு." அவள் கும்பிடு படம் ஒன்று அனுப்பினாள். அன்றிலிருந்து இரண்டுக்கு மேல் போகவே இல்லை. நான் பாராட்டிய எண்ணைக் காப்பாற்ற அந்தப் பெண் பாடுபட்டிருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்று. தண்ணீர் குடிக்கச் சொல்லி பதினொரு மணிக்கும், இரண்டு மணிக்கும், நான்கு மணிக்கும் ஆப் மணி அடிக்கும். அந்த நேரங்களை வைத்ததும் நான்தான். அவள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். மணி லாக்கருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாத விஷயமா இது? என் வீட்டுக்காரர் இருபது வருஷம் இதே ஓசூரில் கம்பெனி வேலை பார்த்தவர். பகலில் அவருக்கு போன் போட்டால் எடுக்க மாட்டார், போன் கேட்டில் இருக்கும். வீட்டில் தெரிந்த சங்கதி ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தவுடன் எனக்கு மறந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான், நோயாளி ஒருவரே பேசுகிற வீடியோ ஆப்பில் வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் கேட்டார்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் மஞ்சுளாவைக் கூப்பிட்டேன். முகம் தெரியக்கூடாது என்றாள். மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னேன், கண்மட்டும் தெரியும், பெயர் சொல்ல வேண்டாம் என்றேன். வார லீவு நாளில் வந்தாள். அப்படியே ஊருக்குப் போவதாக இருந்தாள்.

கவுன்சலிங் அறையில் ஜன்னல் பக்கமாக உட்காரவைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, என் போனிலேயே எடுத்தேன். பேச்சு ஒட்டி ஒட்டி வந்தது. வார்த்தைக்கு வார்த்தை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் பதிவில் கேட்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மாஸ்க்கை இறக்கி வாயை நனைத்துக்கொண்டு மூடியைத் திருகினாள்.

"நல்லா குடியேன்."

"வேணாம் சிஸ்டர். ஊருக்குப் போறன், மூணு மணி நேரம் பஸ்ல உக்காரணும். நடுவுல பை ரொம்பிடுச்சுன்னா என்னா பண்றது?"

சரி என்றேன். எனக்கு வேண்டியிருந்தது ஒட்டாத குரல். அது கிடைத்துவிட்டது, ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தாமல் முதலிலிருந்து பேசச் சொன்னேன்.

"நான் கம்பெனில வேலை செய்யறன். ஆபரேஷன் ஆனப்ப செத்துரலாம்னுதான் நெனச்சன். இந்த ஆப்பப் பாத்துத்தான் பை மாத்தக் கத்துக்கிட்டன். மொதல்ல கை நடுங்கும், இப்ப பத்து நிமிசத்துல மாத்திருவன். வேலைக்கும் போறன். லைன்ல நிக்கறப்ப ஒரு பிரச்சனையும் இல்ல. காத்தால எதுவும் சாப்புட மாட்டன், ஷிஃப்ட் முடியற வரைக்கும் தண்ணியும் குடிக்க மாட்டன். அதனால பை ரொம்பறதே இல்ல."

நான் கையைக் காட்டி அவள் பேச்சை நிறுத்தினேன். "மஞ்சு, அந்த ஒண்ணச் சொல்லாத. பாக்கறவங்க தப்பா எடுத்துக்குவாங்க. ஆப்புல சொன்ன மாதிரி சாப்பிட்டு, தண்ணி குடிச்சுக்கறேன்னு சொல்லு."

"சரிங்க சிஸ்டர்."

அப்படியே சொன்னாள், ஒரே தடவையில். நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். பிறகு அந்த இரண்டு வாக்கியத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதிதாகச் சொன்னதை ஒட்டி, அன்றைக்கே மேலே அனுப்பினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். எனக்குக் காது கேட்காமல் போகவில்லை. அவள் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்ததால்தான் வெட்டினேன். யாரோ முகம் தெரியாத நோயாளி இதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாரோ என்று கவலைப்பட்டேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்ட ஒருத்தி எனக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. வீடியோவில் வந்த பிழையைத் திருத்திவிட்டு, ஆளை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கம்பெனி வண்டியில் அவளைக் கொண்டுவந்தார்கள். லைனில் நின்றபடியே சரிந்துவிட்டாளாம். கண் உள்ளே போயிருந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. பையில் கரும்பச்சையாக ஒரு ஸ்பூன் அளவு இருந்தது. ஆப்பில் அவளுடைய வட்டத்தைப் பார்த்தேன். பச்சையாகவே இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான். "சிஸ்டர், நேத்து ஆப்புல போடல. கோச்சுக்காதீங்க."

கூட வந்த பெண் அவளோடு ஒரே லைனில் நிற்பவள். வராந்தாவில் அழுதுகொண்டே சொன்னாள். "ஒரு வாரமா கெண்டக்காலு இழுக்குது இழுக்குதுன்னு சொன்னா மேடம். பாத்ரூம் போவணும்னா நம்ம எடத்துல நிக்க லைன் லீடர் ரிலீவர அனுப்பணும், அதுக்கே அஞ்சு தடவ கேக்கணும். ஒருநாள் உள்ள போயி லேட் ஆயிடுச்சு, எல்லாரும் கதவத் தட்டிட்டாங்க. அன்னில இருந்து கேக்கறதே இல்ல. கேன்டீன்ல சாப்புடாம உக்காந்திருப்பா. கேட்டா விரதம்பா. எந்த சாமிக்குடி தெனமும் விரதம்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. டயாலிசிஸ் கொடுத்தோம். மூன்றாம் நாள் பகலில் இதயம் நின்றது. டாக்டரும் நானும் அரை மணி நேரம் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். குடலை மூடுவதற்கு நாள் குறித்திருந்தோம், இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு விசாரணைக் கூட்டம் நடந்தது. மேலே இருந்தவர் என் வீடியோவைத் திரையில் போட்டுக் காட்டினார். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண். 'ஆப்புல சொன்ன மாதிரி சாப்பிட்டு, தண்ணி குடிச்சுக்கறேன்.' அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: நோயாளிக்குப் போதிய அறிவுரை வழங்கப்பட்டுள்ளது, அதை அவரே உறுதிசெய்துள்ளார், அவர் அதைப் பின்பற்றவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். என்னைப் பார்த்து, உங்கள் பக்கம் எதுவும் இல்லை சிஸ்டர் என்று ஆறுதல்கூடச் சொன்னார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பென்ஷனுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அது மட்டும் காரணம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும், மன்னித்தும் விடுவீர்கள். அதைவிட, இத்தனை நாள் நல்ல நர்ஸ் என்று வாங்கிய பெயர் அந்த மேஜையில் போய்விடும் என்று பயந்தேன். அந்த வாக்கியத்தை அவள் வாயில் நான் வைத்தேன் என்று சொல்லாமல், நாற்காலியை நகர்த்திவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். அதைத்தான் நிறையப் பேர் பார்க்கிறார்கள், எப்படி எடுப்பது என்றார்கள். ஆப்பில் 'சிறுநீர் எத்தனை முறை போனீர்கள்' என்ற கேள்வியைச் சேர்க்கச் சொன்னேன். அடுத்த மாற்றத்தில் சேர்க்கிறோம் என்றார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த அடுத்த மாற்றம் வரவில்லை. உங்கள் டேப்லெட்டில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வராவிட்டால் நீங்களே வாயால் கேளுங்கள். எண்ணிக்கை குறைந்தால் சந்தோஷப்படாமல், ஏன் குறைந்தது என்று கேளுங்கள். எழுந்ததிலிருந்து ஷிஃப்ட் முடியும்வரை வாய்க்குள் என்ன போனது என்று கேளுங்கள். பகலில் உன் போன் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மஞ்சுளாவுக்குப் பிறகு வந்த இன்னொரு பெண்ணிடம் இதையெல்லாம் கேட்டேன். அவளும் குடிப்பதில்லை என்று தெரிந்தது. பாத்ரூமுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதட்டுமா என்றேன். "எழுதுனா யாருக்குன்னு கேப்பாங்க மேடம், அப்புறம் என்னய வெளிய அனுப்பிடுவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடிதத்தை எழுதவில்லை. அவள் பிழைத்தாள், எப்படிப் பிழைத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் எதுவும் செய்யவில்லை.

மஞ்சுளா போய் ஒரு மாதம் கழித்து அவளுடைய அப்பா இறப்புச் சர்ட்டிபிகேட் வாங்க வந்தார். அந்த வேலை முடிந்ததும் என் அறைக்கு வெளியே துணிப்பையோடு நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

"எம்பொண்ணு இங்க போன்ல பேசி, படம் புடிச்சாங்கன்னு சொல்லுச்சும்மா. அதோட போனு எங்கிட்டதான் இருக்குது, தெறக்கத் தெரியல. அத ஒருக்கா பாக்கலாமா?"

டேப்லெட்டில் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம்தான் ஓடும். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"இவ்ளோதானா? ரொம்ப நேரம் பேசுனன்னு சொல்லுச்சே."

வெட்டாத பதிவு என் போனில் இருந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பிவிட்டுப் போயிருப்பார். கூட்டத்தில் மூடிய வாய் இங்கேயும் மூடத்தான் பார்த்தது. இவராவது கேட்கட்டும், கேட்டு என்னைத் திட்டட்டும், ஆஸ்பத்திரியே கூடும்படி கத்தட்டும் என்று ஒரு வேகம் வந்தது. போனை எடுத்து, முழுப் பதிவையும் ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார், திரையைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டில் வந்தது, பஸ் வந்தது. காலையில் சாப்பிட மாட்டேன், தண்ணியும் குடிக்க மாட்டேன் என்பது வந்தது. அந்த ஒண்ணச் சொல்லாத என்று என் குரல் வந்தது. சரிங்க சிஸ்டர் என்று அவள் குரல் வந்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்து வைத்திருந்தேன்: ஐயா, அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்கள் பெண் இருந்திருப்பாள்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். கண் நனைந்திருந்தது, முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"பாத்தீங்களாம்மா? சின்னதுல இருந்தே அப்பிடித்தான். நல்லதுக்குச் சொன்னா ஒரே தடவைல கேட்டுக்கும்."